எட்டு இரண்டான மதியம்

அத்தியாயம் 6

"சார், ஒரு பொண்ணு மேல வந்துகினு இருக்குது. அழுவல. அதான் எனக்கு பயமா இருக்குது," என்றாள் தனகோட்டி.

கருணாகரன் செய்தித்தாளை மடித்து வைத்தார். நிலக்கரிச் சுரங்க நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவில் முப்பது வருடம் லத்தி பிடித்து ஓய்வு பெற்றவர். இப்போது நெய்வேலி மெயின் பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் 'கருணா துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டியிருந்தார். வருகிறவர்களில் பாதிப்பேர் ஜெராக்ஸ் எடுக்க வந்து மாடி மாறியவர்கள். தனகோட்டி அவருக்கு உதவியாளர், ஆட்டோ ஓட்டுநர், கேட்காமலே அபிப்பிராயம் சொல்கிறவள். பதினான்கு வருடம் சுரங்கத்தில் கான்ட்ராக்டில் வேலை பார்த்தாள். கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்துகிற கரியை வாரிக் கொட்டுகிற வேலை. அதை விட்டுத்தான் ஆட்டோ ஓட்ட வந்தாள். வாய் மட்டும் இன்னும் பெல்ட் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

வந்தவள் அபி. அவளைப் பார்த்ததும் கருணாகரன் எழுந்தே விட்டார். அவருடைய உயிர் நண்பன் சுப்பிரமணியனின் ஒரே மகள். பதினெட்டாம் பிளாக்கில் அடுத்தடுத்த குவார்ட்டர்ஸில் இரண்டு குடும்பமும் இருபத்திரண்டு வருடம் இருந்தன. இந்தப் பெண் நடக்கப் பழகியது அவர் வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டுதான்.

"உக்காரும்மா. அப்பா எப்படி இருக்கான்? பேக்கிங் முடிஞ்சுதா?"

"பண்ணிட்டிருக்காரு மாமா." அவள் உட்காரவில்லை. "சாயங்காலம் அஞ்சு மணிக்கு மையத்துல கூட்டம். நாப்பது பேர் பொழப்பை நான்தான் கெடுத்தேன்னு சொல்லி என்னை வெளிய அனுப்பப் போறாங்க. அதுக்குள்ள யார் செஞ்சதுன்னு தெரியணும்."

சுவர்க் கடிகாரம் பதினொன்று காட்டியது. கருணாகரன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

வடக்குத்து மையம் என்றால் அவருக்குத் தெரியும். ஓய்வுக்குப் பிறகு அவர் குடிவந்த வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர்களின் மனைவிமார், மகள்கள், படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பையன்கள் என்று நாற்பது பேரைச் சேர்த்து மூன்று வருடத்துக்கு முன்னால் அபி தொடங்கியது. கரும்பு வயலில் எடுத்த படங்களைப் பார்த்து எந்த இலையில் எந்த நோய் என்று குறித்துத் தருவார்கள்.

"பெங்களூர் கம்பெனி ஒண்ணு வியாழக்கிழமை மூணு மணிக்கு பரீட்சை வச்சுது மாமா. ஒரு மணி நேரம். நாப்பது பேரும் ஒரே சமயத்துல செஞ்சு காட்டணும். செஞ்சிருந்தா எல்லாருக்கும் மூணு வருஷத்துக்கு வேலை. செய்ய முடியல. கம்ப்யூட்டர் திணறி நின்னுடுச்சு. ஆறு பேர்தான் முடிச்சாங்க."

"நாப்பது கம்ப்யூட்டரும் ஒரே நேரத்துல நின்னுச்சா? நம்ம கரண்டு ஆபீஸ்காரங்ககிட்ட கேட்டீங்களா?" என்றாள் தனகோட்டி.

"நாப்பது இல்லக்கா. ஒண்ணுதான். அதுவும் இங்க இல்ல, மும்பைல எங்கயோ இருக்கு. வாடகைக்கு எடுத்திருக்கோம். எங்ககிட்ட இருக்கறதெல்லாம் பழைய லேப்டாப்பு, சில பேர்கிட்ட போன். அதுலேர்ந்து அந்த ஒரு கம்ப்யூட்டருக்குள்ள போய்த்தான் எல்லாரும் வேலை செய்றோம். அது எவ்வளவு பெருசா வேணும்னு நாமளே சொல்லிக்கலாம். பரீட்சைக்காக எட்டு மூளை வச்ச பெரிய சைஸா மாத்தி வச்சிருந்தேன். வியாழக்கிழமை மதியம் யாரோ அதை ரெண்டு மூளையா சின்னதாக்கிட்டாங்க."

"ஷேர் ஆட்டோவுல நாப்பது பேர ஏத்துன கதை," என்றாள் தனகோட்டி. அதைவிடச் சரியாக யாரும் விளக்கிவிட முடியாது.

"திரும்பப் பெருசாக்க வேண்டியதுதானே?" என்று கேட்டார் கருணாகரன்.

"சைஸ் மாத்தணும்னா முதல்ல நிறுத்தணும் மாமா. ஓடிட்டிருக்கும்போது முடியாது. பரீட்சை பாதியில, மூணு இருபதுக்குத்தான் எனக்கே புரிஞ்சுது. துணிஞ்சு நிறுத்தினேன். எட்டு கேட்டா, அந்த சைஸ் இப்போ காலி இல்லைன்னு சொல்லிடுச்சு. நாம விட்டதை வேற யாரோ எடுத்துக்கிட்டாங்க."

அபி மடித்து வைத்திருந்த ஒரு தாளை மேஜையில் வைத்தாள். வைத்தவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இயந்திரத்தில் யார் எப்போது என்ன செய்தார்கள் என்று அதுவே எழுதி வைத்துக்கொள்ளும் பதிவு அது.

வியாழக்கிழமை மதியம் 1.50. மையத்தில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். உள்ளே நுழைந்திருப்பது அபியின் பெயரில். அவள் மீது பழி விழுந்ததற்குக் காரணம் அந்த ஒரு வரிதான்.

"அந்த நேரம் நீ எங்க இருந்தே?"

"மையத்துக்குப் பின்னாடி, தனியா சாப்பிட்டுட்டு இருந்தேன். யாரும் பார்க்கல."

"பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. அப்புறம் பிரவின்குமாருக்கு. முன்னாடி என்கூட சேர்ந்து மையத்தைப் பார்த்துக்கிட்டவன். சண்டை போட்டுட்டுப் போய் இப்போ குள்ளஞ்சாவடியில தனியா சென்டர் வச்சிருக்கான்."

"வேற யாருக்கும் தெரியாதா?"

அபி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "வேற யாரு மாமா இருக்காங்க?"

அது பதில் இல்லை, கேள்வி. அதைக் கருணாகரன் அப்போது கவனித்திருக்க வேண்டும். சொந்தப் பிள்ளை மாதிரி வளர்ந்தவளிடம் யார்தான் குறுக்கு விசாரணை செய்வார்கள்?

தனகோட்டியின் ஆட்டோ வடலூர் தாண்டிக் கடலூர் சாலையில் ஓடியது. பின்சீட்டில் கருணாகரன் அந்தத் தாளை நான்காவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னா சார், பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி?"

"ஒண்ணு இடிக்குது தனகோட்டி. வந்தவன் மையத்தைக் கெடுக்க வந்தவன். மூணு வருஷத்து வேலை மொத்தமும் உள்ளேதான் இருந்துது. ஒரு தட்டுல எல்லாத்தையும் அழிச்சிருக்கலாம். ஒரு படம்கூட அழியல. கெடுக்க வந்தவன் எதுக்கு இவ்வளவு பத்திரமா நடந்துக்கிட்டான்?"

"திருட வந்தவன் செருப்ப வெளியில வுட்டுட்டு வந்த மாதிரியா?"

"அதேதான்."

குள்ளஞ்சாவடி சந்தைக்கு எதிரே, உரக்கடையை ஒட்டி இருந்தது பிரவின்குமாரின் கம்ப்யூட்டர் சென்டர். ஆள் ஒல்லி, கோபம் அதிகம். கருணாகரன் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே எகிறினான்.

"நான் சண்டை போட்டுகினு வந்தவன்தாங்க, ஒத்துக்கறேன். அதுக்காக நாப்பது பேரு சோத்துல மண்ணள்ளிப் போடுவனா? எங்க அக்காவும் அங்கதாங்க வேலை செஞ்சுகினு இருக்குது!"

"கோபப்படாதே தம்பி. இதைப் பாரு. உன் வேலையா இல்லையான்னு நீயே சொல்லு."

பிரவின்குமார் தாளை வாங்கினான். முதலில் முறைத்தான். பிறகு அவன் முகத்தில் கோபம் போய்க் குழப்பம் வந்தது.

"என்னாங்க இது? எவன் இப்படி வேலை செய்வான்? நிறுத்தணும்னா ஒரே பட்டன். அமுக்குனா மொத்தமும் நின்னுடும். நானும் அப்படித்தான் செய்வேன், அபியும் அப்படித்தான் செய்யும். இவன் ஒண்ணொண்ணா கழட்டிகினு இருந்திருக்கான் பாருங்க."

அவன் பென்சிலால் ஐந்து வட்டம் போட்டுக் காட்டினான். மையத்தின் வேலை ஐந்து பகுதியாக நடக்கிறது. படம் முதலில் வரவு என்ற பகுதிக்கு வரும். அங்கிருந்து பிரிப்பு, அப்புறம் குறிப்பு, அப்புறம் சரிபார்ப்பு, கடைசியில் கிடங்கு. வந்தவன் 1.50க்கு வரவை நிறுத்தியிருக்கிறான். ஒரு நிமிடம் காத்திருந்து பிரிப்பை. இன்னொரு நிமிடம் விட்டுக் குறிப்பை. இப்படியே கடைசியில் கிடங்கை நிறுத்தி, அதற்குப் பிறகுதான் இயந்திரத்தையே நிறுத்தி அளவைக் குறைத்திருக்கிறான்.

"மறுபடி ஓட்டும்போது இன்னும் கூத்துங்க. தலைகீழா. மொதல்ல கிடங்கு, அப்புறம் சரிபார்ப்பு, கடைசியாதான் வரவு. கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் தேவையே இல்ல. எந்த கிறுக்கன்..."

"ஏன், பெல்ட்டு அப்படித்தானே நிறுத்துவாங்க?" என்றாள் தனகோட்டி.

இருவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வாசலில் நின்று வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னா அப்படிப் பாக்கறீங்க? கரி ஏறுற பக்கத்து பெல்ட்டத்தான் மொதல்ல நிறுத்தணும். மேல கெடக்குறதெல்லாம் ஓடி முடியட்டும்னு செத்த நேரம் வுட்டு, அடுத்த பெல்ட்டு. கடைசி பெல்ட்டு கடைசியா. ஓட்டும்போது நேர் எதிர். கடைசி பெல்ட்டு ஓட ஆரம்பிச்சாதான் முன்னாடி பெல்ட்ட ஓட்டணும். மாத்தி செஞ்சான்னு வையி, மொத்தக் கரியும் நடுவுல கொட்டிடும். கொட்டுனா வாருறது யாரு? நானு! பதினாலு வருசம் வாரியிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

கருணாகரனுக்கு அது சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. வந்தவன் கம்ப்யூட்டர்காரன் இல்லை. கன்வேயர் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து பழகியவன். துரோகம் செய்ய வந்த இடத்திலும் கை தன் பழக்கத்தை விடவில்லை.

"இந்த ஊர்ல பெல்ட் ஓட்டினவங்க ஆயிரம் பேர் இருப்பாங்க," என்றார். தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

"ஆயிரம் பேர் இருக்கலாங்க. ஆனா பாஸ்வேர்டு மட்டும் இருந்தா உள்ள போவ முடியாதே," என்றான் பிரவின்குமார். "வேற கம்ப்யூட்டர்லேர்ந்து போனா ஒரு ஓடிபி வரும். அது வர்ற போன் கையில இருக்கணும். என் போன் இல்லீங்க அது. அபி போனும் இல்ல. மையம் ஆரம்பிச்சப்ப அபி காலேஜ்ல படிச்சுகினு இருந்துச்சு, அவங்க அப்பா நம்பரைத்தான் குடுத்துச்சு. இன்னைக்கு வரைக்கும் மாத்தல."

தனகோட்டி கடலை உரிப்பதை நிறுத்தினாள். கருணாகரனின் நண்பன் முப்பத்து மூன்று வருடமாக எங்கே வேலை பார்க்கிறார் என்று அவளுக்கும் தெரியும்.

திரும்பும்போது எங்கே போகணும் என்று கேட்காமலே தனகோட்டி வண்டியைப் பதினெட்டாம் பிளாக் பக்கம் விட்டாள். 

சுப்பிரமணியன் வீட்டு வாசலில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. இந்த மாதம் முப்பதாம் தேதி ஓய்வு. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அம்பாசமுத்திரம் பக்கத்தில் சொந்த ஊருக்குப் போகிறார். மனைவி காந்திமதி வீட்டைத் தயார் செய்ய முன்னாலேயே போய்விட்டார். இவர் மீதமிருந்த லீவைப் போட்டுக்கொண்டு சாமான் கட்டிக்கொண்டிருந்தார்.

"வே கருணா! வா வா. டீ போடவா? பால் இருக்கு, சீனியத்தான் எந்தப் பெட்டியில போட்டேன்னு தெரியல."

முண்டா பனியன், தோளில் துண்டு, நெற்றியில் விபூதி. எத்தனை ஷிப்ட் பஸ், எத்தனை தீபாவளி, கருணாகரனின் பைபாஸ் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று நாள் உட்கார்ந்திருந்த முகம். இந்த முகத்தைப் பார்த்து எப்படிக் கேட்பது? நேராகக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. தொழில் புத்தியைத்தான் துணைக்குக் கூப்பிட்டார்.

"டீ வேண்டாம். ஒரு உதவி பண்ணு மணி. அபி கம்ப்யூட்டர் விஷயம் எனக்கு மண்டையில ஏற மாட்டேங்குது." ஒரு அட்டைப்பெட்டியின் மேல் ஐந்து கட்டம் வரைந்தார். "படம் இந்தப் பக்கமா உள்ளே வருது. இந்தப் பக்கமா வெளியே போகுது. நிறுத்தணும்னா எதை முதல்ல நிறுத்தறது?"

சுப்பிரமணியன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். யோசிக்கவே இல்லை. விரல் நேராக முதல் கட்டத்தில் போய் நின்றது.

"இத."

"அஞ்சையும் சேர்த்து ஒரே அடியா நிறுத்தினா என்ன?"

"அது எப்படி வே? சிந்திரும்லா!"

சொல்லிவிட்டார். சொன்ன பிறகு விரலை எடுக்கவும் தோன்றாமல் நின்றார்.

"கம்ப்யூட்டர்ல என்ன சிந்தும், மணி?" என்று கேட்டார் கருணாகரன்.

 சுப்பிரமணியன் மெல்ல ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். பெட்டி அமுங்கியது.

"அவளுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல. ஏன் செஞ்சே?"

"ஏன்னா கேக்கே? ஒத்தப் பிள்ளை வே. இந்த வேலை கெடச்சா நான் இங்கயே இருந்துக்கிடுவேன், நீங்க ரெண்டு பேரும் ஊருக்குப் போங்கன்னுட்டா. வீட்டைக் கட்டி வச்சுட்டு நானும் அவ அம்மையும் மோட்டுவளையப் பார்த்துட்டு இருக்கணுமா? நல்ல எடத்துல மாப்பிள்ளை பார்த்து வச்சிருக்கேன். அதையும் பார்க்க மாட்டேங்கா. இது நின்னு போச்சுன்னா பேசாம கூட வந்திருவான்னு நெனச்சேன். எதையும் அழிக்கல பாரு. பத்திரமாத்தான் நிறுத்தினேன்."

"பாஸ்வேர்டு?"

"அவதான் சொல்லிக் குடுத்தா. நான் பஸ்ஸுல வரும்போது நின்னு போச்சுன்னா நீங்க ஓட்டி விடுங்கப்பான்னு, பக்கத்துல உக்கார வச்சு ஒவ்வொரு பட்டனா காட்டிக் குடுத்தா."

கருணாகரனுக்குக் கோபம் வந்தது. சாதாரணக் கோபம் இல்லை. இருபத்திரண்டு வருடமாக ஒரே பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன் யார் என்றே தெரியாமல் போயிற்றே என்று தன் மீதும் சேர்த்து வந்த கோபம்.

"நாப்பது குடும்பம் மணி. உன் பெல்ட்டுக்குக் கீழ கரி வாரினவங்க வீட்டுப் பிள்ளைங்க. அதுகூடப் போகட்டும். பழி உன் பொண்ணு மேல விழுந்திருக்கே, ரெண்டு நாளா நீ எப்படிச் சோறு தின்னே?"

சுப்பிரமணியன் அழுதார். கருணாகரன் சமாதானம் செய்யவில்லை.

"அஞ்சு மணிக்குக் கூட்டம். நான் யார்கிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேன். நீயே வந்து சொல்லு. உன் வாயால சொன்னா ஜனங்க மன்னிக்கலாம். வருவியா?"

"வாரேன். உம்மேல சத்தியமா வாரேன்," என்று சுப்பிரமணியன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

நாலே முக்கால் மணிக்கு மையத்தின் வாசலில் அபி நின்றுகொண்டிருந்தாள். ஆட்டோவிலிருந்து கருணாகரன் இறங்கும்போதே அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"கண்டுபிடிச்சிட்டீங்க," என்றாள்.

அவர் வேட்டியைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்தார். "உள்ளே போகலாம்மா. சம்பந்தப்பட்டவங்க வந்து சொல்வாங்க."

"அந்தத் தாளைப் பார்த்த அன்னைக்கே எனக்குத் தெரியும் மாமா. அஞ்சாவது படிக்கும்போது தீப்பெட்டியை வரிசையா வச்சு எனக்குப் பெல்ட் ஓட்டக் கத்துக் குடுத்தவரு அவரு. நீங்க வேற யாராவது பேரைச் சொல்லுவீங்கன்னுதான் வந்தேன். பிரவின்னு சொல்லியிருந்தாக்கூட நம்பியிருப்பேன்." அவள் குரல் உடையவில்லை. தனகோட்டி காலையில் பயந்தது இதற்குத்தான். "அவரைக் கூட்டத்துல நிறுத்த வேண்டாம் மாமா. ரிட்டையர் ஆகப் போறாரு. மாலை போட்டு அனுப்ப பிளாக்கே காத்துட்டு இருக்கு. நான்தான் தப்பா அமுக்கிட்டேன்னு சொல்லிடறேன்."

"அவன் வரேன்னு சத்தியம் பண்ணியிருக்கான். அவன் சொல்லட்டும்."

கூடத்தில் நாற்பது பேர், கூட வந்த வீட்டுக்காரர்கள் என்று அறுபதுக்கு மேல் இருந்தார்கள். ஆண்களில் பலர் முதல் ஷிப்ட் முடிந்து குளித்துவிட்டு நேராக வந்தவர்கள். மையத்தின் தலைவி கஸ்தூரியம்மாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நடுவில் உட்கார்ந்திருந்தார். தனகோட்டியோடு ஒரே கான்ட்ராக்டில் கரி வாரியவர். மகளும் மருமகளும் இப்போது இங்கே வேலை.

ஐந்து அடித்து இரண்டு நிமிடத்தில் சுப்பிரமணியன் வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை. கருணாகரனுக்கு மனம் கொஞ்சம் லேசானது. ஆள் தவறியிருக்கலாம், ஆனால் வந்துவிட்டானே.

"நான் ரெண்டு வார்த்தை பேசணும்," என்று கைகூப்பினார் சுப்பிரமணியன். கூடம் அமைதியானது. ஓய்வு பெறப்போகும் பெர்மனென்ட் ஆபரேட்டருக்கு அந்த ஊரில் மரியாதை உண்டு.

"எல்லாரும் என் பிள்ளைய மன்னிக்கணும். வயசு பத்தாது. தெரியாம கைபட்டு சைஸைக் குறைச்சுட்டா. பயத்துல வெளிய சொல்லல. தகப்பன்ங்கற முறையில நான் மாப்பு கேட்டுக்கிடுதேன். அவள நான் ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருதேன். இதோட விட்டுருங்க."

கருணாகரன் எழுந்துவிட்டார். கொடுத்த வாக்கு, இருபத்திரண்டு வருடம், எல்லாம் அந்த நொடியில் செத்துப்போனது. "மணி!" என்று அவர் கத்துவதற்குள் அபி அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அவள் முகத்தில் இப்போது வேறு எதுவோ இருந்தது. பழியை ஏற்றுக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தாள். தானாகக் கொடுக்க வந்ததை அவர் கேட்காமலே பிடுங்கிக்கொண்டார். அதை அவளால் தாங்க முடியவில்லை.

"கஸ்தூரிம்மா," என்றாள். "நான் ஒண்ணு படிக்கறேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க. வியாழக்கிழமை, ஒண்ணு அம்பதுக்கு வரவு நின்னுது. ஒரு நிமிஷம் கழிச்சு பிரிப்பு. அடுத்த நிமிஷம் குறிப்பு. அப்புறம் சரிபார்ப்பு. கடைசியா கிடங்கு. திரும்ப ஓடும்போது முதல்ல கிடங்கு. அப்புறம் சரிபார்ப்பு. அப்புறம் குறிப்பு. அப்புறம் பிரிப்பு. கடைசியா வரவு."

அவள் தாளைக் கீழே இறக்கினாள். "என்னை எல்லாரும் மூணு வருஷமா பார்த்திருக்கீங்க. நான் என்னைக்காவது இப்படி நிறுத்தியிருக்கேனா?"

கம்ப்யூட்டர் தெரிந்த நாற்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஆனால் பதில் அவர்களிடமிருந்து வரவில்லை. சுவரோரம் நின்றிருந்த ஷிப்ட் முடித்த ஆண்கள் பக்கம் ஒரு சலசலப்பு எழுந்தது. வாழ்நாளில் கம்ப்யூட்டரைத் தொடாதவர்கள். இந்த வரிசை மட்டும் அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கஸ்தூரியம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"இது கம்ப்யூட்டர் படிச்சவங்க கை இல்ல. பெல்ட்டு ஓட்டுன கை," என்றார். பிறகு மெதுவாகத் திரும்பினார். "ஏஞ்சாமி, நீங்களா?"

அறுபது தலையும் திரும்பின. சுப்பிரமணியன் கூப்பிய கையை இறக்க மறந்து நின்றார்.

"கருணா, நீயாவது சொல்லு வே," என்றார்.

"அவ சொன்னதுக்கு மேல சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல மணி," என்றார் கருணாகரன். அதற்குமேல் அந்த முகத்தைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை.

யாரும் அடிக்கப் போகவில்லை, திட்டவும் இல்லை. வழிவிட்டார்கள். இஸ்திரிச் சட்டை வாசல் வரை போய், ஒருமுறை நின்று, பிறகு போய்விட்டது. 

அபி ஒரு லேப்டாப்பைத் திறந்து பெஞ்சில் வைத்தாள். "கஸ்தூரிம்மா, பெங்களூருக்கு எழுதலாம். நடந்ததை அப்படியே சொல்லி, இன்னொரு நாள் தாங்கன்னு கேக்கலாம். அந்தப் பதிவையும் கூட அனுப்பணும். தருவாங்களான்னு தெரியல. கேட்டுத்தான் பார்க்கணும்."

"யாரு செஞ்சதுன்னு எழுதித்தான் ஆவணுமா கண்ணு? யாரோன்னு போட்டுக்கயேன்."

"யாரோன்னு எழுதினா நம்ம மேலதான் சந்தேகம் இருக்கும். பேரைப் போடணும்மா."

கருணாகரன் அவளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வேகமாகத்தான் தட்டினாள். அளவு குறைக்கப்பட்ட நேரம், நாற்பது பேரின் பெயர், குறைத்தவர் பெயர் சுப்பிரமணியன், எல்லாம் நாலு நிமிடத்தில் வந்துவிட்டது. கடைசியில் தன் பெயரைப் போடும் இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

'எஸ்' என்ற எழுத்தைத் தட்டினாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். அழித்தாள். பள்ளிச் சான்றிதழிலிருந்து வங்கிக் கணக்கு வரை அந்த எழுத்து இல்லாமல் அவள் பெயர் எங்கேயும் கிடையாது.

"மாமா, இனிஷியல் இல்லாம அனுப்பினா ஏத்துக்குவாங்களா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

 பதிலுக்குக் காத்திருக்காமல் வெறும் 'அபி' என்று தட்டி அனுப்பிவிட்டாள்.